1976ஆம் ஆண்டுச் செஸ்னா 172: வாங்கும் விலை கட்டுப்படியாகிறது, வைத்திருக்கும் செலவு கட்டுப்படியாகுமா?

மேகவழி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என்னுடன் பறக்கக் கற்ற நண்பரும் நானும் சேர்ந்து, 1976ஆம் ஆண்டில் தயாரான செஸ்னா 172 எம் விமானம் ஒன்றை வாங்கலாமா என்று யோசித்து வருகிறோம். விமானத்தின் உடல் இதுவரை 6,400 மணி நேரம் பறந்திருக்கிறது. 150 குதிரைத்திறன் கொண்ட லைகமிங் ஓ-320 எஞ்சின் 1999இல் ஓவர்ஹால் (முழுவதும் பிரித்துப் புதுப்பித்தல்) செய்யப்பட்டு, அதன்பின் 1,350 மணி நேரம் ஓடியிருக்கிறது. அந்த எஞ்சினுக்குத் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் ஓவர்ஹால் இடைவெளி 2,000 மணி நேரம் என்பதால், இன்னும் 650 மணி நேரம் கவலையின்றி ஓட்டலாம் என்று விற்பவர் சொல்கிறார். கடந்த நான்கு ஆண்டுகளில் மொத்தம் 40 மணி நேரம்தான் பறந்திருக்கிறது. அதனால் தேய்மானமும் குறைவு என்பது அவருடைய வாதம்.

ஆளுக்கு ஆண்டுக்கு 30 மணி நேரம், ஆக மொத்தம் 60 மணி நேரம் பறப்போம் என்று மதிப்பிட்டிருக்கிறோம். விலை எங்கள் கைக்கு எட்டுகிறது. ஆனால் வாங்கிய பிறகு ஆண்டுதோறும் எவ்வளவு போகும் என்பதற்கு ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். நாட்டுக்கு நாடு கட்டணம் மாறும் என்பதால் தொகையாகச் சொல்ல வேண்டாம். விலையில் எத்தனை பங்கு, எது தவிர்க்க முடியாதது, எது ஒத்திப்போடக்கூடியது என்பதை, சொந்தமாக வைத்திருப்பவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

---

கொட்டகைக்காரர்:

இதே வகையில் 1974ஆம் ஆண்டு விமானம் ஒன்றைப் பதின்மூன்று ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். நான் வாங்கிய விலையை 100 என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதல் ஆண்டுச் சோதனைக்கு 8 ஆகும் என்றார்கள்; 27 ஆயிற்று. யாரும் ஏமாற்றவில்லை. அந்த 8 என்பது மூடிகளைத் திறந்து பார்த்து, சோதித்து, மீண்டும் மூடுவதற்கான கூலி மட்டுமே. பார்த்ததில் கண்டுபிடிப்பதைச் சரிசெய்வது தனிக் கணக்கு. என் விமானத்தில் சைலன்சரில் விரிசல் இருந்தது. இந்த வகையில் சைலன்சரைச் சுற்றியுள்ள உறையிலிருந்துதான் அறைக்குள் வெப்பக்காற்று வருகிறது. அதனால் விரிசல் வழியே கார்பன் மோனாக்ஸைடு உள்ளே வரும்; அதைத் தள்ளிப்போட முடியாது. எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் அமுங்கிப் போயிருந்தன, எரிபொருள் குழாய்கள் விறைத்திருந்தன, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ இரண்டும் 500 மணி நேரச் சோதனையைத் தாண்டி எப்போதோ போயிருந்தன. முந்தைய உரிமையாளர் பல ஆண்டுகளாகத் தள்ளிவைத்த கடனை நான் ஒரே தவணையில் கட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்தடுத்த ஆண்டுகளில் செலவு 9க்கும் 14க்கும் இடையே அடங்கியது.

இதற்கு அப்பால் கொட்டகை வாடகையும் காப்பீடும் இருக்கின்றன. ஆண்டுச் சோதனையோடு சேர்த்து இந்த மூன்றும் நீங்கள் பறந்தாலும் பறக்காவிட்டாலும் வந்து நிற்பவை. எரிபொருள், எண்ணெய், டயர் போன்றவைதான் பறக்கும் நேரத்தைப் பொறுத்தவை. என் கணக்கில், ஆண்டுக்கு 60 மணி நேரம் பறந்தபோது மொத்தச் செலவில் எரிபொருள் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. பறப்பதைக் குறைத்துக்கொண்டால் மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணம் இங்கே பலிக்காது.

எஞ்சினுக்கு ஒதுக்கும் பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓவர்ஹால் செலவை 2,000ஆல் வகுத்து, பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் அந்தத் தொகையை எடுத்து வைக்கச் சொல்வார்கள். நீங்கள் ஆண்டுக்கு 60 மணி நேரம் பறந்தால் 2,000 மணியை எட்ட 33 ஆண்டுகள் ஆகும். ஆனால் அதே தயாரிப்பாளர், மணிக்கணக்கு நிறையாவிட்டாலும் 12 ஆண்டுகளில் ஓவர்ஹால் செய்யப் பரிந்துரைக்கிறார். 12 ஆண்டுகளில் நீங்கள் பறந்திருப்பது 720 மணி நேரம். உண்டியலில் இருப்பது ஓவர்ஹால் செலவில் 36 விழுக்காடு. மீதி 64 எங்கிருந்து வரும்? ஆகவே மணிக்கணக்கை விட்டுவிட்டு, ஆண்டுக்கு இவ்வளவு என்று இருவரும் போட்டு வையுங்கள். எனக்கு ஓவர்ஹால், கழற்றி மாட்டும் கூலி, புதுக் குழாய்கள் எல்லாம் சேர்த்து 48 ஆயிற்று. விமானத்தின் விலையில் ஏறத்தாழப் பாதி.

---

ஸ்பேனர்கை:

நான் இத்தகைய விமானங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன். மேலே சொல்லப்பட்ட கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் விற்பவரின் வாதத்தைப் பார்க்க வேண்டும். நான்கு ஆண்டுகளில் 40 மணி நேரம்தான் ஓடியது என்பதை அவர் சிறப்பாகச் சொல்கிறார். எனக்கோ அந்த விளம்பரத்திலேயே அச்சமூட்டும் வரி அதுதான்.

லைகமிங் எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் மேடுகள் கொண்ட தண்டான கேம்ஷாஃப்ட், எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே அமைந்திருக்கிறது. எஞ்சின் நின்றதும் அதன்மீது படிந்த எண்ணெய் வழிந்து கீழே போய்விடும். வாரக்கணக்கில் நின்றால், காற்றிலுள்ள ஈரம் உருக்கின்மீது மெல்லிய துருவாகப் படியும். அடுத்த முறை ஓட்டும்போது அந்தத் துரு, கேம் மேட்டில் உரசி வால்வைத் தள்ளும் டாப்பெட்டின் முகத்தைச் சுரண்டும், சுரண்டப்பட்ட முகம் கேம் மேடுகளை அரைக்கும். உரிமையாளர்கள் பலர் மாதம் ஒருமுறை தரையிலேயே பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துகிறார்கள். அது நின்றிருப்பதைவிடக் கெடுதி. எரிப்பில் உண்டாகும் நீர் எண்ணெயில் கலக்கிறது. அது ஆவியாகிப் போகும் அளவுக்கு எண்ணெய் சூடாவதில்லை. எண்ணெய் ஏறத்தாழ 75 முதல் 93 டிகிரி செல்சியஸ் வரை சூடாகி, குறைந்தது ஒரு மணி நேரம் பறந்தால்தான் அந்த ஈரம் வெளியேறும். 1999 ஓவர்ஹால், கால் நூற்றாண்டைக் கடந்த ரப்பர், நான்காண்டு உறக்கம் மூன்றையும் கூட்டிப் பார்த்தால், அந்த 650 மணி நேரம் காகிதத்தில் மட்டுமே இருக்கிறது. சிலிண்டர் ஒன்றைக் கழற்றிக் கேம்மைக் கண்ணால் பார்க்கும்வரை வாங்காதீர்கள்.

வாங்குமுன் செய்யும் சோதனையை, அந்த விமானத்தில் இதுவரை கைவைக்காத ஒருவரிடம் கொடுங்கள். என்னிடம் வந்த ஒருவர், விற்பவருக்கு ஆண்டுதோறும் சோதனை செய்துவந்த அதே ஆளிடம் கேட்டு, எல்லாம் நலம் என்ற சொல்லை நம்பி வாங்கியிருந்தார். இருக்கைக்குக் கீழிருந்த தரைத்தகட்டை நான் தூக்கியபோது, எலிக்கூட்டின் அடியில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்து கையோடு வந்தது. அந்த மூடியின் திருகுகளில் இருந்த பெயின்ட் எத்தனையோ ஆண்டுகளாக உடையவே இல்லை. பதிவேட்டிலோ ஒவ்வோர் ஆண்டும் கையெழுத்து இருந்தது.

பதிவேடுகளை வரிசையாக, விடுபடாமல் கேட்டு வாங்கிப் படியுங்கள். முக்கியமாக, ஏடி என்று நாங்கள் சொல்லும் வான்தகுதி உத்தரவுகள் ஒவ்வொன்றும் எப்போது, எந்த முறையில் நிறைவேற்றப்பட்டன என்ற பட்டியல் இருக்க வேண்டும். செஸ்னாவில் இருக்கை ஓடும் தண்டவாளத்துக்கு 1987இல் ஓர் உத்தரவு வந்தது, 2011இல் அது புதுப்பிக்கப்பட்டது. துளைகள் தேய்ந்தால் பூட்டு ஊசி நழுவி, மேலெழும்பும் நேரத்தில் இருக்கை விமானியோடு பின்னால் ஓடிவிடும். அவர் கையில் பிடித்திருக்கும் ஸ்டியரிங்கும் கூடவே வந்து விமானத்தின் மூக்கு வானைப் பார்க்கும். தண்டவாளம் மாற்றுவது பெரிய செலவல்ல. ஆனால் இத்தகைய உத்தரவு நாளையும் வரலாம் என்பதுதான் பழைய விமானத்தின் கணக்கு. 2018இல் டேட்டோனா பீச் அருகே பைப்பர் விமானம் ஒன்றின் இறக்கை பறக்கும்போதே பிரிந்து விழுந்ததையடுத்து, பிஏ-28 வகை விமானங்களில் பலவற்றின் இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரிலுள்ள போல்ட் துளைகளை, கண்ணுக்குத் தெரியாத விரிசலை மின்சாரத்தால் கண்டறியும் எடி கரன்ட் முறையில் சோதிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதற்கு முன்பு அந்த உரிமையாளர்களின் வரவுசெலவில் அப்படியொரு வரியே இருந்திருக்காது.

---

மேகவழி:

இருவருக்கும் மிக்க நன்றி. 36 விழுக்காட்டுக் கணக்கைப் பார்த்து என் நண்பர் சற்று நேரம் பேசவே இல்லை.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. விமானத்தில் பழைய கிங் ரேடியோக்கள் இரண்டு, வேக்குவத்தில் சுழலும் ஜைரோ கருவிகள், ராடாருக்குப் பதில் அனுப்பும் பழைய டிரான்ஸ்பாண்டர் ஆகியவை இருக்கின்றன, ஆட்டோபைலட் இல்லை. வாங்கியவுடன் பேனல் முழுவதையும் திரைகளாக மாற்றிவிட்டால் விமானத்தின் மதிப்பும் கூடும், பிறகு செலவும் இராது என்று நினைக்கிறோம். அது சரியா?

---

பேனல்பித்தன்:

என் பெயரைப் பார்த்தாலே தெரியும், இந்த ஆசையில் நான் எவ்வளவு இழந்தவன் என்று. ஆகவே நான் சொல்வதைக் கொஞ்சம் கடுப்போடு சொல்வதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பேனலில் போடும் பணம் விற்கும்போது முழுதாகத் திரும்புவதில்லை. நான் விற்றபோது எனக்குப் பாதியும் வரவில்லை. கருவியின் விலையைப் பார்த்து முடிவுசெய்கிறோம். பொருத்தும் கூலி பெரும்பாலும் அதே அளவுக்கு வந்து நிற்கும். பேனலை இழுத்து வெளியே எடுத்த நாளில் நானும் அருகில் இருந்தேன். மூன்று தலைமுறை ரேடியோக்களின் கம்பிகள், எங்கும் போய்ச்சேராமல் நுனி வெட்டப்பட்டு, நாடாவால் சுற்றப்பட்டு, பந்துபந்தாகத் தொங்கின. யாரும் பழையதைக் களையவில்லை, மேலே மேலே சேர்த்திருந்தார்கள். அவற்றைப் பிரித்தெடுத்த கூலிதான் என் பில்லில் மிக நீளமான வரி. ஒரே ஆறுதல், வெறும் கம்பியிலேயே 5 கிலோ எடை குறைந்தது.

சான்றிதழ் பெற்ற விமானத்தில் கடையில் கிடைப்பதை வாங்கி மாட்ட முடியாது. அந்த மாதிரிக்கு அந்தக் கருவியைப் பொருத்தலாம் என்ற எஸ்டிசி எனும் துணைச் சான்று வேண்டும், பொருத்திய பின் எடையும் சமநிலையும் மீண்டும் கணக்கிடப்பட வேண்டும். 2016இல் கார்மின் ஜி5 போன்ற சிறு மின்னணுக் கருவிகளுக்கு இந்த வழி திறந்த பிறகு செலவு வெகுவாகக் குறைந்தது என்பதை மறுக்கவில்லை. ஜைரோ கருவிகளைச் சுழற்றும் வேக்குவம் பம்பின் உள்ளே இருக்கும் கிராஃபைட் தகடுகள் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். மேகத்துக்குள் இருக்கும்போது அது நேர்ந்தால் எந்தக் கருவி பொய் சொல்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் காரியம் கெட்டுவிடும். ஆகவே விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கைத் தொடுவானத்தை மட்டும் மின்னணுவாக மாற்றுவதை நான் ஆடம்பரமாகக் கருதவில்லை.

என்னைக் கேட்டால் முதல் ஆண்டில் பேனலைத் தொடாதீர்கள். பின்னிருக்கைகளுக்குத் தோள்வார் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதுதான் முதல் மேம்பாடு. அவசர இருப்பிடக் கருவி பழைய 121.5 மெகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்குவதாக இருந்தால், 2009 பிப்ரவரி 1 முதல் எந்தச் செயற்கைக்கோளும் அதைக் கேட்பதில்லை. 406 மெகாஹெர்ட்ஸ் கருவிக்கு மாறுங்கள். ஒவ்வொரு சிலிண்டரின் வெப்பத்தையும் பதிவுசெய்யும் எஞ்சின் மானிட்டர் அடுத்தது. நான் செய்த மேம்பாடுகளில் போட்ட பணத்தைத் திருப்பித் தந்தது அது ஒன்றுதான். எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று எரியத் தொடங்கியதை அதன் வரைபடத்தில் பார்த்து, சிலிண்டர் பாழாகுமுன் சரிசெய்தோம். டிரான்ஸ்பாண்டரில் உங்களுக்கு விருப்பம் என்பதே இல்லை, நீங்கள் பறக்கும் வான்வெளியின் விதி என்ன கேட்கிறதோ அதைச் செய்தாக வேண்டும். அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல் கட்டுப்பாட்டு வான்வெளியின் பெரும்பகுதியில், விமானம் தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கட்டாயமானபோது, அந்தச் செலவுக்குப் பயந்தே பழைய விமானங்களை விற்றவர்களை எனக்குத் தெரியும். பெயின்டும் இருக்கைத் தோலும் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

---

இறங்கியவன்:

நான் வைத்திருந்த விமானத்தை விற்றுவிட்டு இப்போது கிளப்பில் வாடகைக்கு எடுத்துப் பறப்பவன். ஸ்பேனர்கை அவர்கள்மீது மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் சிலிண்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓ-320இல் சிலிண்டரைத் தாங்கும் நீண்ட போல்ட்களில் சில, எஞ்சின் உடலின் இரு பாதிகளையும் சேர்த்துப் பிடிப்பவை. அவற்றைத் தளர்த்தி மீண்டும் முறுக்கும்போது முறுக்குவிசை சற்றே தவறினாலும் உள்ளிருக்கும் மெயின் பேரிங் நகரும் அபாயம் இருக்கிறது. இன்னும் தனக்கே சொந்தமாக இருக்கும் எஞ்சினை யாரோ ஒருவர் திறக்க விற்பவர் ஏன் சம்மதிக்க வேண்டும்?

இரண்டாம் உலகப் போரின்போது, பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில் லிபரேட்டர் விமானங்களின் பழுதுகளை ஆராய்ந்த வாடிங்டன் என்ற அறிவியலாளர், 50 மணி நேரச் சோதனைக்குப் பின் பழுதுகள் குறைவதற்குப் பதிலாகக் கூடுவதைக் கண்டார். நன்றாக இயங்குவதைக் கலைத்ததே காரணம். எனக்கும் அதே அனுபவம் உண்டு. ஆண்டுச் சோதனை முடிந்து எடுத்த முதல் பயணத்தில், யாரோ இறுக்க மறந்த குழாயிலிருந்து எண்ணெய் கசிந்து, விமானத்தின் வயிறு முழுவதும் கறுப்பாகியிருந்தது. அதன்பின் சோதனை முடிந்த விமானத்தில் முதல் அரைமணி நேரம் ஓடுபாதையை விட்டு விலகாமல் சுற்றுவதையே வழக்கமாக்கிக்கொண்டேன்.

நான் விற்றதற்குக் காரணம் செலவு மட்டும் அல்ல. ஆண்டுக்கு 25 மணி நேரமே பறந்தேன். அந்த அளவுக்கு வாடகைதான் மலிவு, விமானத்துக்கும் அதுதான் நல்லது. நீங்கள் இருவரும் 60 மணி நேரம் என்கிறீர்கள். அது உறுதிதானா, ஆசையா என்பதை, கடந்த இரண்டு ஆண்டுகளில் உண்மையில் பறந்த நேரத்தை வைத்து முடிவுசெய்யுங்கள். நான்கு பேராகச் சேர்ந்தால் நிலைச்செலவு பாதியாகும், எஞ்சினும் நின்று துருப்பிடிக்காது.

---

ஸ்பேனர்கை:

பேரிங் பற்றிச் சொன்னது நியாயமான எச்சரிக்கை; ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் சிலிண்டரைத் தொடாமலேயே ஒரு வழி இருக்கிறது. வால்வு மூடிகளை மட்டும் திறந்து, ப்ரொப்பெல்லரைக் கையால் மெல்லச் சுற்றி, ஒவ்வொரு வால்வும் எவ்வளவு உயர்கிறது என்பதை டயல் கேஜ் வைத்து அளக்கலாம். கேம் மேடு தேய்ந்திருந்தால் அந்த வால்வு மற்றவற்றைவிடக் குறைவாக உயரும். ஹைட்ராலிக் டாப்பெட்டில் எண்ணெய் இறங்கிவிட்டாலும் அளவு குறைந்து காட்டும் என்பதால், ஒருமுறை அளந்ததை நம்பாமல் திரும்பவும் அளக்க வேண்டும். இரண்டு மேக்னெட்டோக்களையும் அணைத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிய பிறகே ப்ரொப்பெல்லரைத் தொட வேண்டும்.

அத்துடன் ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளிருக்கும் மடிப்புக் காகிதத்தை விரித்து வெளிச்சத்தில் சாய்த்தால், உலோகம் இருப்பின் மினுங்கும். அதைக் காந்தத்தால் தொட்டு, ஒட்டினால் உருக்கு என்று கொள்ளலாம். சிலிண்டருக்குள் 80 அளவு காற்றழுத்தம் செலுத்தி எவ்வளவு தங்குகிறது என்று பார்க்கும் கம்ப்ரெஷன் சோதனையில் 80க்கு 75 வந்துவிட்டது என்று விற்பவர் மகிழ்ந்தால் நீங்களும் சேர்ந்து மகிழ வேண்டாம். அது வளையங்களையும் வால்வுகளையும் பற்றிச் சொல்லும். கேம்மைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

---

மேகவழி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். விற்பவர் சிலிண்டரைக் கழற்ற மறுத்தார், வால்வு மூடிகளைத் திறக்கச் சம்மதித்தார். அந்த விமானத்தை அதுவரை பார்த்திராத ஒருவரைக் கொண்டு அளந்தோம். கம்ப்ரெஷன் நான்கிலும் 70க்கு மேல் இருந்தது. ஆனால் முதல், இரண்டாம் சிலிண்டர்களின் இன்டேக் வால்வுகள் மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைவாக உயர்ந்தன. மும்முறை அளந்தும் அதே அளவு வந்தது. ஃபில்டர் காகிதத்தில் காந்தத்தில் ஒட்டும் மெல்லிய துகள்கள் இருந்தன. உடல் நன்றாகவே இருக்கிறது: தரைத்தகட்டின் கீழே அரிப்பு இல்லை, இருக்கைத் தண்டவாளம் அண்மையில் மாற்றப்பட்டிருக்கிறது, பதிவேடுகள் முழுமையாக உள்ளன.

எங்கள் பறப்புப் பதிவையும் கூட்டிப் பார்த்தோம். கடந்த ஆண்டு இருவரும் சேர்ந்து 41 மணி நேரம்தான்.

---

ஸ்பேனர்கை:

அந்த எஞ்சினில் எதிரெதிரே இருக்கும் முதல், இரண்டாம் சிலிண்டர்களின் இன்டேக் வால்வுகளை ஒரே கேம் மேடுதான் இயக்குகிறது. இரண்டும் ஒன்றாகக் குறைந்திருப்பதால் டாப்பெட்டில் குறையில்லை, மேடு தேய்ந்துவிட்டது என்றே கொள்ளலாம். கேம்மை மாற்ற எஞ்சினை முழுவதும் பிரிக்க வேண்டும்; அந்த அளவுக்குப் பிரித்த பின் ஓவர்ஹால் செய்யாமல் மூடுவது வீண். உடலுக்கு மட்டும் விலை பேசுங்கள். எஞ்சினை, உருப்படியான பாகங்களுக்காக ஓவர்ஹால் கடை திரும்ப எடுத்துக்கொள்ளும் பழைய எஞ்சினாக மட்டும் மதிப்பிடுங்கள்.

---

மேகவழி:

அப்படியே பேசினோம். விற்பவர் முதலில் கோபப்பட்டார். அளவெடுத்த தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு, இரண்டு நாள் கழித்து அழைத்து, ஓவர்ஹால் செலவில் மூன்றில் இரண்டு பங்கைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். மூன்றாவது பங்காளி ஒருவர் கிடைத்துவிட்டார், நான்காமவரைத் தேடுகிறோம். பழைய பேனல் அப்படியே இருக்கும்.